ஹார்லிக்ஸ் பாட்டில்

"மக்களெஷ்டு?"

பெங்களூரில் புதிதாகப் பழகும் பெண் யாராக இருந்தாலும் பத்து நிமிஷத்துக்குள் இதைக் கேட்டுவிடுவார். எத்தனை பிள்ளைகள் என்று அர்த்தம். கேட்பவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. காய்கறிக் கடையில், பஸ்ஸில், அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பிரகாரத்தில், எங்கேயும் கேட்பார்கள். 1997இல் எனக்குக் கல்யாணமாயிற்று. அல்சூரில் பிறந்து வளர்ந்தவள், ஆஸ்டின் டவுனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். முதல் வருஷம் அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டுச் சிரித்தேன். மூன்றாம் வருஷத்தில், அது வரப்போகிறது என்று தெரிந்தாலே அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன்.

வீட்டில் கேள்வி வேறு மாதிரி வரும். மாமியார் நேராக எதையும் கேட்க மாட்டார். மாதம் ஒருமுறை நான் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் காலண்டரை ஒரு தரம் பார்ப்பார். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் அரசமர மேடைகளைச் சுற்றத் தொடங்கினேன். பெங்களூரில் பழைய பேட்டை எதுவானாலும் ஓர் அரசமரம் இருக்கும். அதன் அடியில் மஞ்சளும் குங்குமமும் அப்பிய நாகர் கற்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கல்லும் ஒரு வீட்டின் வேண்டுதல். தொட்டபள்ளாபுரம் பக்கம் காட்டி சுப்ரமண்யாவுக்கும் போய் வந்தோம். அங்கே நட்டிருக்கும் கற்களைப் பார்த்தபோதுதான், என்னைப் போல் எத்தனை ஆயிரம் பேர் என்று மலைத்துப் போனேன். அரச மரத்தைச் சுற்றி வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று எங்கள் பாட்டி சொல்வாள். அந்தப் பழமொழியில் இருக்கும் பெண்ணின் பதைப்பு எனக்கு அப்போது புரிந்தது.

மருத்துவரிடம் போகாமல் இல்லை. இரண்டு வருஷம் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். சத்து மாத்திரை, கருமுட்டை வளர மாத்திரை, மாதத்துக்கு ஒரு ஸ்கேன். முட்டை நன்றாக வளர்கிறது, கவலைப்படாதீர்கள் என்பார்கள். வளர்ந்த முட்டை போகிற வழி திறந்திருக்கிறதா என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

2000ஆம் ஆண்டின் கடைசியில், என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா சொல்லி, வயதான ஒரு கன்னட டாக்டரம்மாவிடம் போனோம். என் அம்மாவும் மாமியாரும் கூட வந்திருந்தார்கள். டாக்டர் முதலில் என் கணவரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். அதுவரை யாரும் செய்யாதது அது. அவருக்குக் குறை எதுவும் இல்லை என்று வந்தது. பிறகு என் மாதவிடாய் பற்றிக் கேட்டார். இரண்டு நாள்தான், அதுவும் சொட்டுச் சொட்டாகத்தான் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நிம்ம மனேலி யாரிகாதரு டி.பி. இத்தா?"

உங்கள் வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா? நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "அப்படியெல்லாம் எங்க வம்சத்துலயே கிடையாது டாக்டரம்மா" என்றாள். சொல்லிவிட்டு மாமியார் முகத்தைப் பார்த்தாள். நான் அந்தப் பதிலை நம்பினேன். டாக்டரும் எழுதிக்கொண்டார்.

*

2001 ஜனவரியில் ஹெச்.எஸ்.ஜி. எடுத்தார்கள். கருப்பைக்குள் ஒரு திரவத்தைச் செலுத்தி, அது கருக்குழாய்கள் வழியாக வெளியே வருகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்க்கும் சோதனை. மாதவிடாய் நின்ற சில நாளுக்குள் செய்வார்கள். மேஜை சில்லென்று இருந்தது. மருந்து உள்ளே போகும்போது அடிவயிற்றை யாரோ உள்ளிருந்து முறுக்குவது போல வலித்தது. "உசிரு ஹிடி, அல்லாடபேடா" என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். மூச்சைப் பிடி, அசையாதே. மொத்தமே பத்து நிமிஷம்தான் இருக்கும்.

அந்தப் பிலிம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், நடுவில் தலைகீழ் முக்கோணமாகக் கருப்பை வெள்ளையாகத் தெரியும். அதன் மேல் மூலைகள் இரண்டிலிருந்தும் மெல்லிய இரண்டு வெள்ளை இழைகள் வளைந்து நெளிந்து போய், நுனியில் புகைபோலப் பரவ வேண்டும். பரவினால் வழி திறந்திருக்கிறது. என் படத்தில் வலது இழை புறப்பட்ட இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பல்பு போல வீங்கி நின்றுவிட்டது. இடது இழையில் நெளிவே இல்லை. விறைத்த கம்பி போல, அங்கங்கே முடிச்சு விழுந்து போய், நுனியில் லேசாக ஒரு கசிவு. "மணி கோத்த மாதிரி இருக்கு பாரு" என்று டாக்டர் பென்சிலால் தொட்டுக் காட்டினார். அவர் முகம் மாறியிருந்தது.

எங்கள் பக்கத்தில் இதை "டியூப் அடைப்பு" என்பார்கள். தண்ணீர்க் குழாயில் பாசி அடைத்தது போல, ஒரு கம்பி விட்டுக் குத்தினால் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். ஒவ்வொரு குழாயும் சுமார் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். கருப்பையை ஒட்டிய பகுதியின் உள்வழி ஒரு மில்லிமீட்டர் அளவுக்கும் குறுகலானது. சினைப்பையின் பக்கம் உள்ள முனை விரல்கள் போல விரிந்து, வெளிவரும் முட்டையை வாரி உள்ளே எடுத்துக்கொள்ளும். முட்டை தானாக நகராது. குழாயின் உட்சுவரில் நெல் நாற்று போல நிற்கும் நுண்ணிய மயிர்கள் அசைந்து அசைந்து அதைத் தள்ளிக்கொண்டு போகும். கரு உண்டாவதே குழாய்க்குள்தான். உண்டான கரு மூன்று நான்கு நாள் அங்கேயே வளர்ந்துகொண்டு, மெல்ல நகர்ந்து கருப்பைக்கு வரும். ஆகவே வழி திறந்தால் மட்டும் போதாது; அந்த மயிர்கள் உயிரோடு இருக்க வேண்டும், சுவர் நெகிழ வேண்டும். 1561இல் இதை விவரித்து எழுதிய ஃபலோப்பியோ என்ற இத்தாலிய உடற்கூற்று அறிஞரின் பெயரைத்தான் உலகம் இந்தக் குழாய்க்கு வைத்திருக்கிறது.

குழாய் கெட்டுப்போகப் பல காரணங்கள் உண்டு என்றார். பாலுறவால் தொற்றும் கிருமிகள், கருக்கலைப்புக்கோ பிரசவத்துக்கோ பிறகு வரும் தொற்று, குடல்வால் வெடித்துப் பரவும் சீழ், எண்டோமெட்ரியோசிஸ். "ஆனா இந்த மாதிரி படம் வந்தா, நம்ம தேசத்துல நான் முதல்ல நினைக்கிறது டி.பி.தான்" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழில் அதை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மீண்டும் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை மாமியார் உள்ளே இல்லை. அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பதில் சொல்லவில்லை.

அன்றிரவு அல்சூர் வீட்டில் சொன்னாள்.

*

என் தாத்தா, அம்மாவின் அப்பா, கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய சுரங்கம் அது. வட ஆர்க்காட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகப் போன தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்து கல்லாகிவிடும். அந்த சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டு பதிவானதே கோலார் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான், 1930களில். தூள் அரித்த நுரையீரலில் காசநோய் சுலபமாகக் குடியேறும். தாத்தாவுக்கு இரண்டும் இருந்தன.

எனக்கு அவரைப் பற்றி இருக்கும் நினைவு ஒன்றே ஒன்று. லைன் வீட்டுத் திண்ணையில் அவர் மடியில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் மார்பில் காது வைத்தால் உள்ளே ஏதோ கரகரவென்று ஓடும். எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். பக்கத்தில் விளிம்பில் வெட்டுப்பட்ட ஒரு பித்தளை டம்ளர். அதை வேறு யாரும் தொடக் கூடாது. அந்த வெட்டு தெரியாமல் விழுந்ததல்ல, அடையாளத்துக்காகப் பாட்டி அரிவாள்மனையில் கீறியது என்று அன்றிரவுதான் அம்மா சொன்னாள்.

1979இல் தாத்தா போனார். அடுத்த வருஷம் எனக்கு ஏழு வயது. சாப்பிட மாட்டேன், மாலையானால் உடம்பு கதகதவென்று இருக்கும், இருமல் விடாது. அல்சூர் டாக்டர் "பிரைமரி காம்ப்ளக்ஸ்" என்றார். அந்தக் காலத்துத் தமிழ் வீடுகளில் அந்தச் சொல்லைக் கேட்காத தாய் கிடையாது. குழந்தைகளுக்கு வரும் காசநோய்க்கு மருத்துவர்கள் வைத்த பெயர் அது. பெயர் வேறாக இருந்ததாலேயே அது வேறு நோய் என்று எல்லோரும் நம்பிக்கொண்டார்கள். ஒரு வருஷம் மாத்திரை கொடுக்கச் சொன்னார் டாக்டர். காலி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் அம்மா அந்த மாத்திரைகளைக் கொட்டி, சமையலறை மேல்தட்டில் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் சத்து மாத்திரை என்பாள். நான்கு மாதத்தில் எனக்கு உடம்பு தேறியது, கன்னம் வைத்தது. மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

"பொம்பளப் புள்ள. நாளைக்கு எவன் கட்டிக்குவான்னு பயந்துட்டேன்டி" என்று அழுதாள். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவளுடைய சித்தி ஒருத்திக்கு டி.பி. என்று சேதி கசிந்து, நிச்சயம் ஆன கல்யாணம் நின்றுபோனது அவள் கண் முன்னால் நடந்தது. அன்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்று அந்த ஆத்திரம் அவள் மேல் இல்லை.

மறுநாள் நான் மட்டும் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "முதல்லயே தெரிஞ்சிருந்தா, அந்த மருந்தை உள்ளே விடுறதுக்கு முன்னாடி வேற சோதனை பண்ணியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். உள்ளே நோய் விழித்திருக்கும்போது ஹெச்.எஸ்.ஜி. எடுத்தால் அது கிளர்ந்து எழக்கூடும். ஒரு பொய்க்கு இப்படியும் ஒரு விலை இருந்தது.

மூச்சில் போகும் கிருமி முதலில் நுரையீரலில் இறங்குகிறது. அங்கிருந்து இரத்தத்தில் கலந்து உடம்பில் வேறு எங்காவது போய்த் தங்குகிறது: எலும்பில், முதுகுத்தண்டில், மூளையில், பெண்களுக்குக் கருக்குழாயில். பெண்ணுறுப்புகளில் வரும் காசநோயில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கருக்குழாய்கள் பாதிக்கப்படுகின்றன, பெரும்பாலும் இரண்டுமே. வலி இருக்காது, காய்ச்சல் தெரியாது. பல வருஷம் கழித்து, குழந்தை இல்லையே என்று சோதிக்கப் போகும்போதுதான் பலருக்கும் தெரியவரும். என் குழாயில் இருந்தது ஏழு வயதில் பாதியில் விட்ட நோயா, பிறகு புதிதாக வந்ததா என்று கேட்டேன். "அதை யாரும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். அம்மாவிடம் போய் அதை அப்படியே சொன்னேன். அவள் நம்பவில்லை.

*

2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கவயல் சுரங்கங்களை மூடினார்கள். ஏப்ரலில் எனக்கு லேப்ராஸ்கோப்பி. தொப்புள் அருகே சிறு துளை போட்டுக் கேமரா விட்டுப் பார்த்ததில், குழாய்களின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள், ரவை சிதறியது போல. குழாயும் குடலும் சினைப்பையும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தன. எடுத்த சதையைச் சோதித்ததில் காசநோய் உறுதியாயிற்று.

ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு. காலையில் வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். முதல் நாளே சிறுநீர் செந்நிறமாகப் போனது. ரிஃபாம்பிசின் செய்யும் வேலை அது, பயப்படாதே என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அழுதால் கண்ணீர்கூட அந்த நிறத்தில் வரும் என்றார்கள். நிறம் சரியாகத் தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் குழம்புகிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். எத்தாம்பியூட்டால் கண் நரம்பைத் தொடக்கூடிய மருந்து.

என் கணவருக்கு எல்லாம் தெரியும். மாமியாரிடம் சொல்லவில்லை. மாத்திரைகளை எங்கே வைப்பது என்று யோசித்தேன். சமையலறையில் காலியாக இருந்த ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் கழுவித் துடைத்து அதில் போட்டேன். மூடியைத் திருகும்போதுதான் என் கை என்ன செய்கிறது என்று எனக்கு உறைத்தது. இருபது வருஷத்துக்கு முன் அம்மா செய்ததையே நானும் செய்துகொண்டிருந்தேன். தெரிந்தும் மூடியைத் திருகி, பாட்டிலைப் பின்னால் தள்ளி வைத்தேன்.

மூன்றாம் வாரம் மாமியார் கண்டுபிடித்துவிட்டார். சத்தம் போடவில்லை. மறுநாள் காலை என் காபி வேறு டம்ளரில் வந்தது. எவர்சில்வர் டம்ளர், அடியில் ஆணியால் கீறிய ஒரு கோடு. அதைக் கையில் வாங்கியபோது தாத்தாவின் திண்ணை நினைவுக்கு வந்தது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் அழைத்து வரச் சொன்னார். கருக்குழாயில் இருக்கும் காசநோய் மூச்சில் பரவாது என்று முதலில் சொன்னார். பிறகு நுரையீரல் நோயைப் பற்றியும் சொன்னார். "உங்க மெட்ராஸ்ல தானேம்மா கண்டுபிடிச்சாங்க? நோயாளியைத் தனியாத் தள்ளி வைக்க வேணாம்னு?" எங்கள் இருவருக்கும் அது புதிய செய்தி. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பாதியை அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் இரு சாராரும் ஒரே அளவில் தேறினார்கள். வீட்டில் வைத்து மருந்து கொடுத்ததால் கூட இருந்தவர்களுக்கு அதிகமாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் அந்த முடிவு வெளியானபின் உலகமே காசநோய்ச் சிகிச்சையை மாற்றிக்கொண்டது. சரியாக மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து நோய் பரவுவது சீக்கிரமே நின்றுவிடும். டம்ளரால் தட்டால் இந்த நோய் பரவுவதில்லை.

மாமியார் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காபி பழைய டம்ளரில் வந்தது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

*

நான் வேலைக்குப் போகும் பஸ் பெல்லாரி ரோடு வழியாகப் போகும். அங்கே தேசிய காசநோய் நிறுவனத்தின் பெயர்ப்பலகை உண்டு. நேரு 1960 செப்டம்பரில் திறந்துவைத்த நிறுவனம். பல வருஷம் அந்த வாசலைப் படிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன். அவர்கள் தொடக்க காலத்தில் தும்கூர் மாவட்டத்தில் செய்த ஓர் ஆய்வைப் பற்றிப் பின்னாளில் படித்தேன். கிராமத்து மக்கள் அறியாமையால் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று எல்லோரும் நினைத்திருந்த காலம். வீடு வீடாகப் போய்க் கண்டுபிடித்த நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே தாங்களாகவே மருத்துவரைத் தேடிப் போயிருந்தார்கள். அங்கே அவர்கள் கையில் ஓர் இருமல் மருந்து பாட்டிலைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதைப் படித்தபோது, இரண்டு வருஷம் சத்து மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிய என்னையே அங்கே பார்த்தேன். பெண்கள் கேட்கப் போகாமல் இல்லை. போனபோது கேட்க வேண்டிய கேள்வியை அவர்களிடம் கேட்க ஆள் இல்லை.

மருந்து நோயைக் கொன்றது. குழாய்களைப் பழையபடி ஆக்கவில்லை. தழும்பு விழுந்த குழாயை எந்த மாத்திரையும் திருப்பித் தராது. சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் காப்பாற்றலாம். டாக்டர் ஓர் எச்சரிக்கை கொடுத்திருந்தார்: நாள் தள்ளிப்போனால் ஒரு நாளும் காத்திருக்காதே, நேரே வா.

2003 ஆகஸ்டில் நாள் தள்ளிப்போனது. வீட்டில் சோதித்தேன், இரண்டு கோடு. மாமியார் அன்றைக்கே பாயசம் வைத்தார். எச்சரிக்கை நினைவில் இருந்தது. இருந்தும், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்று நாட்களைத் தள்ளினேன். அந்தச் சந்தோஷத்தை யாரும் சோதித்துப் பார்ப்பதை நான் விரும்பவில்லை. ஆறாம் நாள் இடது அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி. கொஞ்ச நேரத்தில் தோள்பட்டையில் வலித்தது. வயிற்றுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே குளியலறைக்குப் போனவள் அங்கேயே சரிந்துவிட்டேன்.

கரு குழாயிலேயே தங்கிவிட்டிருந்தது. வழி குறுகியிருந்தாலும் விந்தணு போக முடிந்திருக்கிறது; கருவால் வர முடியவில்லை. வளர்ந்த கரு குழாயை வெடிக்கச் செய்துவிட்டது. வயிற்றுக்குள் பெருகும் இரத்தம் உதரவிதானத்தைத் தொடும்போது அந்த வலி தோளில் தெரியுமாம். ஆட்டோவில் கொண்டு போய், இரத்தம் ஏற்றி, வயிற்றைத் திறந்து குழாயை எடுத்தார்கள். 1883இல் லாசன் டெய்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இந்த அறுவையைச் செய்து காட்டும்வரை, இப்படி வெடித்தால் பெண்களுக்குப் பிழைக்க வழி அநேகமாக இல்லை. நான் பிழைத்தேன். இதைப் படிக்கும் பெண்களுக்காகவே அந்த அறிகுறிகளை இங்கே எழுதுகிறேன்: நாள் தள்ளிப்போயிருக்கும்போது ஒருபக்க வயிற்று வலி, சிறு இரத்தப்போக்கு, தோள் வலி, மயக்கம். இவற்றில் எது வந்தாலும் நல்ல நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2005இல் சோதனைக்குழாய் முறையை ஒருமுறை முயன்றோம். அந்த முறை முதலில் வெற்றி பெற்றதே கருக்குழாய் அடைத்த ஒரு பெண்ணுக்குத்தான். 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் பிறந்த லூயிஸ் பிரவுனின் தாய்க்குக் குழாய்கள் இரண்டும் அடைத்திருந்தன. அதே வருஷம் அக்டோபர் 3இல் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி நம் நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கச் செய்தார். எனக்கு மிச்சமிருந்த வலது குழாயில் நீர் கோத்திருந்தது. அந்த நீர் கருப்பைக்குள் கசிந்தால் கரு ஒட்டாது என்பதால் அதையும் முதலில் எடுத்தார்கள். வைத்த இரண்டு கருவும் தங்கவில்லை. நோய் கருப்பையின் உட்சுவரையும் தொட்டு மெலிய வைத்திருந்தது. கையில் இருந்த பணமும் மனத்தெம்பும் அந்த ஒரு முறைக்குத்தான் இருந்தன. போதும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து முடிவெடுத்தோம். எங்களுக்குக் குழந்தை இல்லை.

*

2019இல் என் தம்பி மகளுக்குப் பத்தொன்பது வயது. மாலை நேரக் காய்ச்சல், எடை குறைந்துகொண்டே வந்தது. கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. ஒரு டாக்டரிடம் நான் அழைத்துப் போனேன். அம்மாவும் பிடிவாதமாக வந்தாள். அப்போது அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்ததும், டாக்டர் ஒரு கேள்வியும் கேட்பதற்கு முன்பே அம்மா சொன்னாள்: "டாக்டர், எங்க வீட்ல டி.பி. உண்டு. எங்கப்பாவுக்கு இருந்துச்சு. இதோ, என் மகளுக்கு இருந்துச்சு. அவளுக்கு நான் மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்திட்டேன். எழுதிக்குங்க."

கட்டியில் ஊசி போட்டு எடுத்துச் சோதித்ததில் காசநோய்தான். அரசு மையத்தில் மருந்து இலவசம். சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது. ஆறு மாதமும் அம்மா மாத்திரை அட்டையைச் சாப்பாட்டு மேஜையின் நடுவில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். வருகிறவர்கள் என்ன மாத்திரை என்று கேட்டால், "பேத்திக்கு டி.பி., ஆறு மாசத்துல சரியாயிடும்" என்பாள். ஒவ்வொரு நாள் மாத்திரைக்கும் காலண்டரில் ஒரு டிக். ஒரு நாளும் தவறவில்லை. பேத்தி குணமானாள்.

பெண்ணைப் பெற்றவர்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் அதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். சின்ன வயதில் அவளுக்குப் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று மாத்திரை கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். குழந்தை தள்ளிப்போனால் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் போங்கள். கருக்குழாயைப் பார்த்தீர்களா, காசநோய்க்குச் சோதித்தீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மருந்து தொடங்கினால் முடிக்கும்வரை விடாதீர்கள். மாத்திரையை எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வையுங்கள்.